அவித்த மண்

கேரட் விதை முளைத்து மண்ணுக்கு மேலே தலைகாட்டப் பதினான்கு நாள் எடுக்கும். புல்லுக்கு நான்கு நாள் போதும். வெள்ளைக்கல் தோட்டத்தின் கீழ் டிவிசனில் காளியாயிக்கும் அவள் புருஷன் ஆண்டியப்பனுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்த வழக்கு, சுருக்கமாகச் சொன்னால், இந்தப் பத்து நாள் வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

நானுஓயாவில் ஏறிய பஸ்ஸை விட்டு இறங்கி, இடிந்த பழைய தேயிலை ஸ்டோர் வளைவைத் தாண்டினால் ரோட்டுக்குக் கீழே இரண்டு வரிசை லயங்கள். கடைசி லயத்துக்கும் ஓடைக்கும் நடுவில் தேயிலை பிடிக்காத ஒரு சரிவு. தோட்டம் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, மரக்கறி போட்டுக்கொள்ளச் சொல்லி லயத்துக் குடும்பங்களுக்கு விட்டிருந்தது. காளியாயி வீட்டுத் துண்டில் நான்கு பாத்திகள். டவுனில் ஒரு ஹோட்டலுக்கு மருந்து படாத மரக்கறி கொடுப்பதற்காக நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு குழு அமைந்தபோது, காளியாயி முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். குழுவில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். சட்டம் ஒன்றுதான். கடை உரம் கூடாது, கடை மருந்து கூடாது. புல்லுக்கு மருந்தடித்தது தெரிந்தால் அந்த வீடு அன்றைக்கே வெளியே.

மருந்தில்லை என்றால் கை. கை என்றால் காளியாயியின் கை. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதும் மலைக்கு ஏறுகிறவள், நாலரை மணிக்குக் கடைசிக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் பாத்தியில் குந்திவிடுவாள். முழுநாளும் நின்று கொழுந்தெடுத்த இடுப்பு அங்கே மடங்க மறுக்கும். கேரட் நாற்று நூல் மாதிரி இருக்கும். அதன் பக்கத்தில் நிற்கிற புல்பூண்டை இரண்டு விரலால் கிள்ளி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கேரட்டும் கூடவே வந்துவிடும்.

போன போகத்தில் ஒருநாள் அப்படிக் குந்தினவள் எழும்பவில்லை. ஆண்டியப்பனும் பக்கத்து வீட்டு லெட்சுமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் இரண்டு கண்ணி தேய்ந்திருக்கிறது, குனிந்து வேலை செய்யக் கூடாது என்றார். மூன்று கிழமை படுத்துக் கிடந்துவிட்டு அவள் மறுபடி பாத்தியைப் பார்த்தபோது அங்கே கேரட் இருந்த அடையாளமே இல்லை. முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் பூ பூத்த பூண்டும் கோரையும் நின்றன.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே ஆண்டியப்பன் பக்கத்துத் துண்டுக்காரன் முத்துலிங்கத்திடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

முத்துலிங்கம் குழுவில் இல்லை. உருளைக்கிழங்கு போடுகிறவன். முதுகில் டாங்கி மாட்டி மருந்தடித்துவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வரம்பில் உட்கார்ந்து அடுத்தவர்களின் புல்லைக் கிண்டல் பண்ணுவது அவன் பொழுதுபோக்கு. மற்றபடி கெட்டவன் இல்லை. காளியாயியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தவனும் அவன்தான்.

தைப்பொங்கல் கழிந்த கிழமையில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அவளைக் கண்டதும் அவனே பேச்சை எடுத்தான்.

"அண்ணி, நானா கேக்கல. அண்ணந்தான் சொன்னாரு. இந்த வாட்டியும் கேரட்டு போச்சின்னா நெலத்த நீயே வச்சிக்கடான்னு."

"எப்ப சொன்னாரு?"

"உங்கள ஆஸ்பத்திரில வச்சிருந்தப்ப. அதெல்லாம் கவலயில பேசுனதுன்னு நான் விட்டுட்டேன். திரும்ப தைப்பொங்கலுக்கும் சொன்னாரு."

"தைப்பொங்கலுக்கு அவரு கொஞ்சம் போட்டிருந்தாரு."

"போட்டிருந்தா என்னாங்க அண்ணி, அண்ணன் வாக்கு வாக்குத்தானே?" என்று சிரித்தான் முத்துலிங்கம்.

அவள் குடத்தை இடுப்பில் வைக்கப் போய், டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து தலைக்கு மாற்றிக்கொண்டாள்.

வீட்டில் கேட்டபோது ஆண்டியப்பன் மறுக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் பலகைக்கட்டையில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்னயப் பொணமாத் தூக்கிட்டு வர நான் தயாரா இல்ல. அவ்வளவுதான்."

"அப்ப நீங்க புல்லு புடுங்குங்க."

"நானா?" அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "பொம்பளங்களோட குந்திக்கிட்டா?"

அவன் பேசியதில் பொய் இல்லை. நாற்பது வருடம் தோட்டத்தில் முள்ளுக் குத்தியவன் அவன். தேயிலைச் செடிக்கு நடுவில் இறுகிப்போன மண்ணில் நாலு பல் முள்ளை இறக்கிப் பிளந்து கொடுக்கிற வேலை. ஆம்பளை வேலை. அதிலும் ஆண்டியப்பன் கை என்றால் தனி. சின்னத்தம்பி கங்காணி ஒரு குச்சியில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, குத்திய குழியில் அதை விட்டுப் பார்ப்பார். கோடு வெளியே தெரிந்தால் அரைப் பேர், அரைநாள் சம்பளம்தான். ஆண்டியப்பன் குழியில் ஒருநாளும் கோடு தெரிந்ததில்லை. அறுபது வயதில் பெயர் வெட்டி வேலையிலிருந்து நிறுத்தி நான்கு வருடமாகியும் அந்த முள்ளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வாசல் இஸ்தோப்புச் சுவரில் மாட்டி வைத்திருந்தான். பாத்தியில் முள் இறக்குவது வரைக்கும்தான் அவன் வேலை. அதற்கு மேல் உள்ளதெல்லாம் காளியாயி பாடு.

காளியாயி அந்த நிலத்தை ஏன் விடமாட்டேன் என்கிறாள் என்று லயத்தில் பலருக்கும் விளங்கவில்லை. அவளிடமே லெட்சுமி ஒருமுறை கேட்டாள். காளியாயி யோசித்துப் பார்த்துவிட்டு, "அங்க யாரும் பேர் கூப்புடுறதில்ல," என்றாள். பதினேழு வயதிலிருந்து காலையில் பெயர் கூப்பிட்டுக் கேட்டவள் சொன்ன பதில் அது.

*

பொலித்தீன் யோசனை குழுவுக்கு வருகிற அனோஜா மிஸ் சொன்னது. சிங்களப் பிள்ளை, நுவரெலியாவிலிருந்து மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வரும். தமிழ் பேசும், வேகமாகப் பேசினால் சிங்களத்துக்குத் தாவிவிடும். மாசி, பங்குனி வெயிலில், நனைத்த மண்ணைத் தெளிந்த பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி வைத்தால், உள்ளே ஏறுகிற சூடு வெளியே வர முடியாமல் புல் விதையைக் கொன்றுவிடும் என்றாள். கீழ்நாட்டில் ஆறு கிழமை போதும். இந்தக் குளிருக்கு எட்டுக் கிழமை வேண்டும், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு விரிப்பு போட வேண்டும். கூட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் பிளேன்டீ குடித்துக் கலைந்தார்கள். எட்டுக் கிழமை நிலத்தைச் சும்மா போட யாருக்கும் மனசு வரவில்லை.

காளியாயி மட்டும் மகளுக்கு போன் பண்ணினாள். மகள் சுலக்ஷனா நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி வளர்க்கிற ஒரு கூடாரத்தில் வேலை செய்கிறாள். அங்கே கூரை மாற்றியபோது கழித்துப் போட்ட பழைய பொலித்தீனைச் சுருட்டி, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொண்டு வந்தாள். கொண்டக்டர் அதற்கும் சீட்டுக் கிழிக்கிறேன் என்று சண்டை பிடித்தானாம்.

ஆண்டியப்பன் சுருளைப் பிரித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"என்னா புள்ள இது, அந்தப் பக்கம் இருக்கிற ஆளு தெரியுது! கறுப்புத்தானே வேணும்?"

"இல்லப்பா. கறுப்பு போட்டா பொலித்தீன்தான் சுடும், மண்ணு அவ்வளவா சுடாது. இதுல வெயிலு உள்ள போயிரும். போன சூடு வெளிய வராது."

"உள்ள வெளிச்சம் இருந்தா புல்லு நல்லா மொளைக்குமே!"

"மொளைக்கட்டும். மொளைச்சா அவிஞ்சிரும்."

அவன் காளியாயியைப் பார்த்தான். அவளுக்கு இது வேறு வழியில் விளங்கியிருந்தது.

"அவிச்ச நெல்லு மொளைக்குமாங்க?" என்றாள்.

"மொளைக்காது."

"அப்புறம் என்னா?"

ஆண்டியப்பன் அன்றைக்குக் குறைவில்லாமல் வேலை செய்தான். முதலில் நான்கு பாத்தியையும் ஆழமாக முள்ளுக் குத்தி, கட்டி உடைத்து, சீப்பு போட்டு வாரினது மாதிரி மட்டமாக்கினான். கல்லும் வேரும் துருத்திக்கொண்டு நின்றால் பொலித்தீன் கிழியும் என்று சுலக்ஷனா சொல்லியிருந்தாள். ஓடையிலிருந்து ஹோஸ் இழுத்து, மண் ஒரு முழ ஆழத்துக்கு ஊறும்வரை தண்ணீர் விட்டார்கள். பாத்தியைச் சுற்றிச் சின்ன வாய்க்கால் மாதிரிக் காண் வெட்டி, முதல் விரிப்பை மண்ணோடு ஒட்டப் போட்டு, மேலே வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களைப் படுக்க வைத்து, அதற்கு மேல் இரண்டாவது விரிப்பு. போத்தல்கள் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸை ரோட்டோரம் நிறுத்தித் தேநீர் குடித்த இடத்தில் லெட்சுமி பொறுக்கிக் கொடுத்தவை. விரிப்பை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து இழுத்து, விளிம்பைக் காணில் விட்டு, மண் தள்ளி மிதித்தார்கள். காளியாயி குனியவில்லை. நின்றபடி காலால் மிதித்தாள்.

வேலை முடிந்தபோது முத்துலிங்கம் வரம்பில் வந்து நின்றான்.

"என்னண்ணே, மண்ணுக்கு மழக்கோட்டா?"

"குளுருதுன்னு சொல்லிச்சி. போத்தி விட்டுருக்கோம்," என்றான் ஆண்டியப்பன்.

"உள்ள ஒரு தலகாணியும் வச்சி விடுங்க."

*

எட்டுக் கிழமை நீளமானது. விடியலில் புல் நுனியெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும். ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் கண் கூசும். பொலித்தீனின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். மூன்றாம் நாளே உள்ளே பச்சை விழுந்தது. ஆண்டியப்பன் "சொன்னேனே" என்று மூன்று பேரிடம் சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பச்சை மஞ்சளாகி, பிறகு வெந்த கீரை மாதிரி மண்ணில் ஒட்டிக்கொண்டது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

காளியாயி சாயந்தரத்தில் ஓரத்து விரிப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். வெயில் நாளில் புட்டுக் குழல் மாதிரி இருக்கும். மூடுபனி இறங்கிய நாளில் சில்லென்று கிடக்கும். அந்த நாளில் அவள் முகமும் அப்படியே இருக்கும். ஒருநாள் லயத்து நாய் ஒன்று மூன்றாம் பாத்தியின் மேல் ஓடி, நகம் பட்டு நாலு ஓட்டை போட்டது. ஓட்டையில் ஆவி புகைந்தது. ஆண்டியப்பன்தான் முதலில் பார்த்து, துணியால் துடைத்து, டேப் ஒட்டினான். செய்ய வேறு வேலை இல்லாமல் அவன் அந்தப் பாத்திகளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். சுவரில் மாட்டிய முள்ளை இறக்கித் துடைத்தான், மாட்டினான், மறுபடி இறக்கினான்.

அனோஜா மிஸ் வந்து ஓரத்து மண்ணை விலக்கி, நீளமான ஊசி மாதிரி ஒரு சூடு பார்க்கிற கருவியைச் செருகினாள். நாற்பத்திநாலு காட்டியது.

"ஹொந்தாய்! ரொம்ப நல்லம்," என்றாள். "ஆனா அம்மே, இந்தச் சூடு மேலதான். இவ்வளவு." கையை விரித்து ஒரு சாண் காட்டினாள். "அதுக்குக் கீழ இருக்கிற விதை சாகாது. தூங்குது. எடுத்த பிறகு ஆழமாக் கொத்த வேணாம். மேலால கீறி, விதை போடுங்க. கோரை மட்டும் சொல்ல ஏலாது, அது கிழங்கில இருந்து வரும்."

ஆண்டியப்பன் அப்போது ஓடைக்கரையில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தான். ராத்திரிச் சாப்பாட்டில் காளியாயி அதை அப்படியே அவனுக்குச் சொன்னாள். அவன் ரொட்டியைக் கட்டச்சம்பலில் தோய்த்துக்கொண்டே "ம்" என்றான்.

பங்குனி நடுவில் ஒரு ஞாயிறு விரிப்பை எடுத்தார்கள். மண் கறுத்து, சாம்பல் மணத்தது. ஒரு பச்சை இல்லை. காளியாயி நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரம் கொஞ்சம் வாங்கட்டும், வருகிற ஞாயிறு விதை போடலாம் என்று முடிவாயிற்று. சுலக்ஷனா பொலித்தீனைக் கழுவி மடித்து வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

*

புதன்கிழமை நாலரை மணிக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கி வந்தவளுக்கு, ரோட்டு வளைவிலேயே நிறம் மாறித் தெரிந்தது. நான்கு பாத்தியில் கீழ் இரண்டும் சாம்பல் நிறமாக இருந்தன. மேல் இரண்டும் ஈரக் கறுப்பில் பளபளத்தன. வரம்பில் முள்ளை ஊன்றிக்கொண்டு ஆண்டியப்பன் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான்கு வருடமாக அவள் பார்க்காத ஒரு முகம் அவனுக்கு வந்திருந்தது.

"ரெண்டு முடிஞ்சிருச்சி. நாளைக்கு மத்த ரெண்டு," என்றான்.

அவள் கூடையை இறக்கினாள்.

"மேலால கீறுனாப் போதும்னு சொன்னேனேங்க."

"கீறுறதா? கீறுறதுக்குக் கோழி போதும், நான் எதுக்கு? எட்டுக் கெழம தண்ணியில ஊறி மண்ணு கப்புன்னு இறுகிக் கெடக்கு. கேரட்டு எறங்கணுமில்ல? கவட்டக் கேரட்ட அந்த ஹோட்டல்காரன் வாங்குவானா? நல்லா முழு முள்ளும் எறக்கியிருக்கேன். வேணும்னா ஒரு குச்சிய விட்டுப் பாரு."

அவள் வரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முழங்கால் போட்டு, மேல் பாத்தியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினாள். குளிர்ந்திருந்தது. வேர்த் துணுக்குகள் வெள்ளையாக, உயிரோடு இருந்தன. அதை விரித்த கையோடு அவனிடம் நீட்டினாள்.

"அவிஞ்ச மண்ணு கீழ போயிருச்சி. அவியாதது மேல வந்துருச்சி."

"மண்ணுல என்னா அவிஞ்சது அவியாதது? மண்ணு மண்ணுதான்."

"எட்டுக் கெழம."

திரும்ப மூடலாம் என்றால் வெயில் முடிந்துவிட்டது. சித்திரை மழைக்கு முன்னால் விதை விழ வேண்டும். அவள் வீட்டுக்குப் போய் மா பிசைந்து ரொட்டி தட்டினாள். தட்டை அவன் கையில் கொடுக்காமல் பலகைக்கட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அவன் பாதி ரொட்டி சாப்பிட்ட பிறகு அடுப்படியைப் பார்த்துச் சொன்னான்: "மத்த ரெண்டையும் தொடல. அது ஒன் பாத்தி. இது என் பாத்தி. எதுல கேரட்டு நல்லா வருதுன்னு பாப்போம்."

"பாப்போம்," என்றது அடுப்படி.

ஞாயிறு நான்கு பாத்தியிலும் ஒரே விதையை மணலோடு கலந்து கோடு கோடாகப் போட்டார்கள். மறுநாள் மலை முழுக்க இதுதான் பேச்சு. "ஏன்டி காளி, ரெண்டு அடுப்பாமே ஒங்க வீட்டுல?" என்று பக்கத்துத் தேயிலை நிறையிலிருந்து பேச்சியம்மா கேட்டாள். "அடுப்பு ஒண்ணுதான். மண்ணுதான் ரெண்டு," என்றாள் காளியாயி. நிறைகளில் சிரிப்பு ஓடி அடங்கியது.

ஐந்தாம் நாள் காலையில் ஆண்டியப்பன் ஓடி வந்தான். அவள் படங்கு கட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க வா புள்ள! வந்து பாரு! என் பாத்தியில கேரட்டு வந்துருச்சி. ஒன்னுதுல ஒண்ணும் காணோம்!"

அவள் இஸ்தோப்பிலிருந்தே எட்டிப் பார்த்தாள். மேல் பாத்தி இரண்டிலும் இளம்பச்சை, புகை மாதிரி படர்ந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"கேரட்டு பதினாலு நாளுங்க," என்றாள்.

பெரட்டுக்கு மணி அடித்தது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

புது வருடம் கழிந்து ஒரு கிழமை ஆனபோது தீர்ப்பு யாரும் சொல்லாமலே எழுதிக் கிடந்தது. கீழ் பாத்திகளில், வெறும் மண்ணில், பச்சை நூலால் தைத்தது மாதிரி கேரட் வரிசைகள். அங்கங்கே கோரை நாலைந்து ஈட்டி நீட்டியிருந்தது, அவ்வளவுதான். மேல் பாத்திகளில் வரிசை எது என்றே தெரியவில்லை. பூண்டு நாலு விரல் உயரம். உள்ளே எங்கோ கேரட் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

முத்துலிங்கம் அன்று சாயந்தரம் வரம்பில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். இந்த முறை அவன் கிண்டல் பண்ணவில்லை.

"அண்ணே, அண்ணி செஞ்சது வேல செஞ்சிருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாதி போச்சில்ல? பாதி கேரட்டுக்கு ஹோட்டல்காரன் வருவானா? அவனுக்கு ஒரு துண்டுக்கு இவ்வளவுன்னு கணக்கு இருக்கு. நாலு பாத்தியும் வந்தாத்தான் ஒங்க பேரு குழுவில நிக்கும்."

"தெரியும்."

"இவங்க குந்திப் புடுங்க ஏலாது. ஒங்க வாக்க வச்சி நான் இப்ப நெலத்தக் கேக்கல. ஒரு யோசன சொல்றேன்." அவன் குரலைத் தணித்தான். காளியாயி ஓடையில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டது. "கேரட்டுக்கு ஒண்ணும் ஆகாம புல்ல மட்டும் கருக்குற மருந்து ஒண்ணு இருக்கு. ஒரே டாங்கி. மேல ரெண்டு பாத்திக்கு மட்டும். காலயில அடிச்சா சாயந்தரம் வாட போயிரும். அந்த மிஸ்ஸு வர இன்னும் மூணு கெழம கெடக்கு. யாருக்குத் தெரியப்போவுது?"

ஆண்டியப்பன் உடனே மாட்டேன் என்று சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். தண்ணீர் கணுக்காலில் சில்லிட்டது.

"நாளைக்குச் சொல்றேன்," என்றான் அவன்.

வீட்டில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடிக்காதீங்க என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கேட்டிருக்கவும் கூடும். ஆனால் அந்த முள்ளை அவன் அன்றைக்குச் சுவரில் மாட்டாமல் மூலையில் சாத்தி வைத்திருந்ததை அவள் கண்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அந்த ஆளால் தாங்க முடியாது என்று தோன்றியது.

மறுநாள் மலையில் அவள் கை தானாகக் கொழுந்தெடுத்தது. மனசு கீழே இருந்தது. பதினோரு மணிக்குக் காற்று ஓடைப்பக்கமிருந்து மேலே ஏறியபோது நின்று மூக்கை நீட்டினாள். மருந்து வாடை ஒன்று அவளுக்குப் பழக்கம். தொண்டையில் கசப்பாக ஒட்டும்.

"என்னாடி நாய் மாதிரி மோப்பம் புடிக்கிற?" என்றாள் பேச்சியம்மா.

"ஒண்ணுமில்லக்கா. மழ வருதான்னு பாத்தேன்."

தேயிலைப் பூவும் ஈர மண்ணும்தான் மணத்தன. ஆனால் காற்று சீக்கிரமே திசை மாறிவிட்டது. அந்தி நிறுவையில் அன்றைக்கு அவளுக்கு வழக்கத்தைவிடக் கொழுந்து குறைவு. கணக்கப்பிள்ளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் ரோட்டுக்கு இறங்கினாள். வளைவு வந்ததும் கால் தயங்கியது.

மேல் பாத்தியில் யாரோ குந்தியிருந்தார்கள். தலையில் துண்டு. முதலில் லெட்சுமி என்று நினைத்தாள். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. பசளைச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, கால்களை எப்படி மடக்குவது என்று தெரியாமல் ஒன்றை நீட்டி ஒன்றை மடக்கி, ஆண்டியப்பன் உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவள் கொழுந்து போடுகிற பழைய கூடை. அதில் முக்கால்வாசி பூண்டு. பாத்தியில் ஒரு பாய் அகலம் வெளுத்திருந்தது. காலையிலிருந்து அவ்வளவுதான் நகர்ந்திருக்கிறான்.

லயத்துக்கு இறங்குகிற பெண்கள் ரோட்டோரம் நின்றுவிட்டார்கள். யாரோ சிரித்தது கேட்டது. அவன் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

முத்துலிங்கம் தன் பக்கத்து வரம்பிலிருந்து கூப்பிட்டான். டாங்கி அவன் காலடியில் இருந்தது.

"என்னண்ணே! காலயிலருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். டாங்கியும் தண்ணியுமா நான் நிக்கிறேன், நீங்க பொம்பள வேலயப் புடிச்சிட்டீங்களே?"

"கீழ கெடந்த புல்ல நான்தானடா மேல கொண்டாந்தேன்," என்றான் ஆண்டியப்பன், கையை நிறுத்தாமல். "கொண்டாந்தவன் புடுங்கணும். நீ போய் ஒன் கெழங்குக்கு அடி."

முத்துலிங்கம் டாங்கியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்ப நெலம் எனக்கு இல்லீங்களா?" என்றான்.

"அவளக் கேளு. அவ நெலம்."

முத்துலிங்கம் அவளைக் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், போய்விட்டான்.

காளியாயி கூடையை இறக்கி, படங்கை அவிழ்த்து, வரம்பை நோக்கி ஒரு அடி வைத்தாள். கால் தானாகவே அந்தப் பக்கம் போனது. நாலரை மணிக்கு அதற்கு வேறு வழி தெரியாது.

"ஏய், அங்கயே நில்லு," என்றான். "குனிஞ்சி கினிஞ்சி வச்சிராத. போய் பிளேன்டீ ஊத்திக்கிட்டு வா. எனக்குச் சீனி கூட."

அவள் போய் இரண்டு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்தாள். ஒன்றை அவன் எட்டுகிற இடத்தில், கையிலேயே கொடுத்தாள். தன்னுடையதை எடுத்துக்கொண்டு வரம்பில் உட்கார்ந்தாள். நான்கு வருடத்தில் அந்தச் சரிவில் அவள் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எதிர் மலையில் மூடுபனி பாதிவரைக்கும் இறங்கி நின்றது. கீழ் பாத்தியின் கேரட் வரிசைகள் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

"இது?" என்றான் அவன், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு.

"கேரட்டு. விடுங்க."

விட்டான்.

"இது?"

"புல்லு."

பிடுங்கினான்.

"இது?"

"கேரட்டுங்க. சீரக எல மாதிரி பிரிஞ்சிருக்கு பாருங்க."

இந்தத் தடவை பதில் வருவதற்கு முன்பே அது அவன் கைக்கு வந்துவிட்டிருந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு அவள் பார்க்காத மாதிரி பக்கவாட்டில் திரும்பி, மண்ணில் விரலால் ஒரு சின்னக் குழி போட்டு, அதை நட்டு, கட்டைவிரலால் அழுத்தினான். குழி முழு விரலுக்கும் இறங்கியிருந்தது.

காளியாயி தேத்தண்ணியை ஊதிக் குடித்தாள். பிடுங்கி நட்ட கேரட் பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"அடுத்தது காட்டுங்க," என்றாள்.